வாலும் அலையும்

ஃப்ளோரஸ் தீவின் விமான நிலையத்தில்
தீயணைப்பு வண்டியோடு எர்மெலிந்தாவுக்கு வேலை.
மூடுபனி விட்டால் நாளுக்கு ஒரு விமானம்.
தீ இதுவரை பிடித்ததில்லை.
மிச்சப் பொழுதில்
ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் ரேடியோ கட்டினாள்.

தோட்ட விளக்கில் கழற்றிய சூரியத் தகடு,
செத்த லேப்டாப்பின் வயிற்றில்
உயிரோடு கிடந்த இரண்டு செல்,
எட்டரை சென்டிமீட்டர் செம்புக் கம்பி:
மயிரிழை மயிரிழையாய் நறுக்கி
ஒருமுறை கூடுதலாய் நறுக்கி
வைதுகொண்டே மறுபடி முதலிலிருந்து.
கோழிக்கூட்டுக் கூரையில் ஏற்றினாள்.
டப்பா இளஞ்சூடாக இருந்ததால்
கறுப்புக் கோழி அதை அடைகாக்கப் பார்த்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் கோர்வு,
நானூறு பேருக்கு ஒரே ஊர்.
அங்கே பெல்மீரு, பதினாறு மாடு,
இதே மாதிரி இன்னொரு டப்பா.

தொலைபேசி இரண்டு தீவிலும் ஒழுங்காகவே வேலை செய்கிறது.
அதைச் சொல்லாமல் விட்டால் கவிதை பொய்யாகிவிடும்.
"பின்னே இது எதுக்கு?" என்று தங்கை கேட்டாள்.
எர்மெலிந்தா கொஞ்சம் யோசித்து
"இதில் நடுவே யாரும் இல்லை" என்றாள்.
பிறகு, "கோழியைத் தவிர."

திரை கிடையாது.
மூடிப்போன மளிகைக்கடையின் பில் இயந்திரம்தான்
வருவதை அச்சடிக்கும்.
ஒவ்வொரு துண்டின் அடியிலும்
பழைய பழக்கம் விடாமல்
'நன்றி, மீண்டும் வருக' என்று சேர்க்கும்.
மாடு ஈன்றது. நன்றி, மீண்டும் வருக.
கன்று தங்கவில்லை. நன்றி, மீண்டும் வருக.

ஒரு தடவைக்கு இருநூறு பைட்.
அதற்கு மேல் ஓர் எழுத்தும் ஏறாது.
அவர்கள் மொழியில் சில எழுத்துகள் தலையில் அலை சுமக்கும்,
சில காலடியில் வால் வைத்திருக்கும்.
வாலுக்கு ஒரு பைட் அதிகம், அலைக்கு ஒரு பைட் அதிகம்.
இரண்டையும் வெட்டிவிடுவோம் என்று
இருவரும் பேசி முடிவெடுத்தார்கள்.
சிக்கனம்.

மார்ச்சில் ஒரு ராத்திரி
பதினொன்றே முக்காலுக்கு இயந்திரம் கிறீச்சிட்டது:
நாளைப் படகில் மாக்கா அனுப்பு.
நன்றி, மீண்டும் வருக.

மாக்கா என்றால் நோயாளியைத் தூக்கும் ஸ்ட்ரெச்சர்.
யாருக்கு, என்ன ஆச்சு என்று மூன்று முறை கேட்டாள்.
நாலு நாள் மேகத்தில் பேட்டரி வற்றி
அந்தப் பக்கத்து டப்பா கல்லாய்க் கிடந்தது.
அவன் போன் லாரிக்குள் அடித்தது.
கேட்டிருந்தால் மாடுகள் கேட்டிருக்கும்.

காலையில் நிலையத்து ஸ்ட்ரெச்சரை
கையெழுத்துப் போட்டு வாங்கிப் படகில் ஏற்றினாள்,
இரண்டு கம்பளியும் வைத்து.

கோர்வுத் துறையில் கூட்டம்.
யாருக்கு, யாருக்கு என்று
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.
கிழவர்கள் சற்றுப் பின்வாங்கினார்கள்.
பெல்மீரு வந்தான், கையில்
ஆப்பிளுக்கான காலிக் கூடை.

ஆப்பிள், மஸாங்.
வாலும் அலையும் போனால் அதுவும் மாக்காதான்.

புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று
குத்தாமலே எழுதிய மொழி என்னுடையது.
பல்லும் பலவும் ஒன்றாய்க் கிடப்பது
எனக்குப் புதிதில்லை.
ஆனால் யாரும் அதற்காகப் படகு அனுப்பியதாய்க்
கேள்விப்பட்டதில்லை.

மறுபடகில் ஸ்ட்ரெச்சர் திரும்பி வந்தது.
கம்பளி கழுத்துவரை போர்த்தி,
மூன்று வாரும் இறுக்கிப் பூட்டி,
நடுவில் ஒரு முழுப் பாலாடைக்கட்டி.
மேலதிகாரி அதைப் பார்த்தார்.
கத்தி எங்கே என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் கூடை நிறைய ஆப்பிள் போனது.
அன்று ராத்திரி இயந்திரம் கிறீச்சிட்டது.
பெல்மீரு இந்த முறை எதையும் வெட்டவில்லை.
எல்லா வாலும், எல்லா அலையும்,
மன்னிப்பு நாலு வரிக்கு,
மாடுகளின் நலம், மழை, மறுபடி மன்னிப்பு,
கடைசியில்

ஆப்பிள் வந்தது. இரண்டு அழுகல். மற்றதெல்லாம் உன் கை
நன்றி, மீண்டும் வருக.